கழுவக் கழுவ அரிப்பு கூடுகிறதே, ஏன்?

கோவையில் பெண்கள் விடுதி ஒன்றில் தங்கி வேலைக்குப் போகும் 24 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்று வாரங்களுக்கு முன் கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்தார்கள். அதற்காக அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட், மெட்ரோனிடசோல் இரண்டையும் ஐந்து நாள் சாப்பிட்டார். மருந்து முடிந்த நான்காம் நாள் பிறப்புறுப்பில் அரிப்பு ஆரம்பித்தது. மறுநாள் உள்ளாடையில் திரிந்த பாலைப் போல வெள்ளையாக, கட்டி கட்டியாகப் பட்டிருந்தது. வாடை எதுவும் இல்லை. சிறுநீர் கழித்தால் எரிகிறது, இரவில் தூக்கமில்லை. வெந்நீரில் டெட்டால் கலந்து தினமும் நான்கைந்து தடவை கழுவியிருக்கிறார். மெடிக்கலில் 'அரிப்புக்கு' என்று மட்டும் சொல்லி ஒரு டியூப் வாங்கித் தடவினார். முதல் இரண்டு நாள் நல்ல சுகம். ஐந்தாம் நாளிலிருந்து முன்பைவிட மோசம். இப்போது தோல் சிவந்து, மெல்லிய வெடிப்புகளும் தெரிகின்றன.

அறைத்தோழி 'உடம்புச் சூடு' என்கிறாராம். இன்னொருவர், 'வெள்ளைப்பட்டால் எலும்பு உருகி வெளியே போகிறது' என்று பயமுறுத்தியிருக்கிறார். ஈஸ்ட் என்ற சொல்லை இணையத்தில் பார்த்ததும் இவர் இட்லி, தோசை, தயிர், பிரெட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தை மாதம் நிச்சயதார்த்தம். 'யாருடனும் உறவு கொண்டதில்லை, எனக்கு எப்படி வந்தது? இது பால்வினை நோயா? உள்ளே வைக்கும் மாத்திரை வைத்தால் கன்னித்தன்மை போய்விடுமா? பின்னால் குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா? கல்யாணமாகாத பெண் லேடி டாக்டரிடம் போனால் என்ன நினைப்பார்கள்? அம்மாவிடமும் மாப்பிள்ளை வீட்டிலும் சொல்ல வேண்டுமா?' என்று கேட்டிருக்கிறார்.

உங்களுக்கு என் பதில்:

நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால் இது பெரும்பாலும் கேண்டிடா என்ற பூஞ்சையால் வரும் ஈஸ்ட் தொற்றுதான். நான்கில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வருகிற சாதாரணத் தொற்று இது. சரியான மருந்து கொடுத்தால் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் முழுக்கக் குணமாகிவிடும். கருப்பைக்கோ கருக்குழாய்க்கோ இது ஏறிப் போவதில்லை. ஆகவே பின்னால் குழந்தை பிறப்பதை நினைத்து இன்று கவலைப்பட வேண்டாம்.

இது பால்வினை நோயும் இல்லை. கேண்டிடா வெளியிலிருந்து ஒருவர் கொண்டுவந்து தர வேண்டிய கிருமி அல்ல. எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களிலேயே பத்தில் ஒருவர், இரண்டு பேருக்கு யோனியில் அது சத்தமில்லாமல் குடியிருக்கும். அதைப் பெருகவிடாமல் காவல் காப்பவை லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள். நீங்கள் பல்லுக்குச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக், பல் ஈறில் இருந்த கிருமியோடு சேர்த்து அந்தக் காவல்காரர்களையும் குறைத்துவிட்டது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், பூஞ்சையைத் தொடாது. ஆளில்லாத வீட்டில் பூஞ்சை பெருகிவிட்டது. மருந்து முடிந்து சில நாளில் அரிப்பு தொடங்கிய கணக்கு இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. இதில் உங்கள் ஒழுக்கத்துக்கோ சுத்தத்துக்கோ சம்பந்தமே கிடையாது. பல் டாக்டர் மேலும் தவறில்லை. தேவைப்பட்ட மருந்தைத்தான் கொடுத்திருக்கிறார்.

எலும்பு உருகுவது என்ற பேச்சு நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக வருகிறது. எத்தனையோ பெண்கள் அதை நம்பி வீணாகச் சோர்ந்து போகிறார்கள். யோனியிலிருந்து வருகிற நீரில் எலும்பும் இல்லை, 'சத்தும்' இல்லை. அங்கே இயல்பாக உதிரும் செல்களும், சுரப்பும், பாக்டீரியாவும்தான் இருக்கின்றன. மாதவிலக்குக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு, சினைமுட்டை வெளியாகும் நாட்களில், முட்டை வெள்ளைக்கருவைப் போல வழவழவென்று வருவது ஆரோக்கியத்தின் அடையாளம். அதற்கு மருந்தே கூடாது.

'சூடு' என்ற சொல்லை நான் ஒரேயடியாகத் தள்ளமாட்டேன். வியர்வை, ஈரம், இறுக்கமான துணி இவை அந்த இடத்துத் தோலைப் பாடாய்ப்படுத்துவது உண்மை. ஆனால் மோரும் வெந்தயமும் இளநீரும் யோனியில் வளரும் பூஞ்சையைக் குறைக்காது. பிடித்தால் குடியுங்கள், மருந்தாக எண்ணி நாளைக் கடத்தாதீர்கள்.

இட்லி, தோசையை இன்றைக்கே திரும்பச் சாப்பிட ஆரம்பியுங்கள். இட்லி மாவைப் புளிக்க வைப்பது முக்கியமாக லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். பிரெட்டில் இருக்கும் ஈஸ்ட் வேறு இனம், அதுவும் அடுப்பில் வெந்து செத்துப் போகிறது. சர்க்கரை நோய் இல்லாத ஒருவர் இனிப்பை நிறுத்துவதால் இந்தத் தொற்று குணமாகும் என்பதற்கும் நல்ல ஆதாரம் இல்லை. தயிரைச் சாப்பிடலாம், உள்ளே தடவக் கூடாது. பூண்டுப் பல்லை உள்ளே வைக்கச் சொல்லும் குறிப்புகளும் உலவுகின்றன. வெந்த தோலை அது மேலும் பொசுக்கிவிடும்.

அந்த டியூப்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இதுதான். டியூபின் அட்டையை எடுத்துப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கிறதா? இவை ஸ்டீராய்டுகள். இரண்டு நாள் சுகம், ஐந்தாம் நாள் மோசம் என்று நீங்கள் எழுதியிருப்பது, ஸ்டீராய்டோடு ஆன்டிபயாடிக்கும் பூஞ்சை மருந்தும் கலந்த கூட்டு ஆயின்ட்மென்ட்டின் போக்குதான். ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் அடக்குவதால் அரிப்பு உடனே நிற்கும். அதே ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்குவதால் பூஞ்சை தாராளமாகப் பரவும். கூட இருக்கும் ஆன்டிபயாடிக்குக்கு இங்கே வேலையே இல்லை. வாரக்கணக்கில் தடவினால் அந்த மெல்லிய தோல் இன்னும் மெலியும், வெடிக்கும், டாக்டர் பார்க்கும்போது எது நோய் எது மருந்தின் விளைவு என்று பிரித்தறிவதும் கடினமாகும். 2018 முதல் இந்தியாவில் இவ்வகை ஸ்டீராய்டு கிரீம்களுக்கு மருந்துச் சீட்டு கட்டாயம். இருந்தும் 'அரிப்புக்கு' என்று கேட்டால் பல கடைகளில் கைக்கு எட்டிய முதல் டியூப் இதுவாகத்தான் இருக்கிறது.

இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஒரு வாரம் தடவியதை நிறுத்துவதால் ஆபத்தில்லை. இரண்டு மூன்று நாள் எரிச்சல் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். அதற்குப் பயந்து திரும்ப எடுக்காதீர்கள். டியூபைக் குப்பையில் போடாமல் அட்டையோடு டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.

டெட்டால் தண்ணீரும் இன்றோடு போகட்டும். பிறப்புறுப்பின் உட்பக்கம் தோல் மாதிரி தடித்ததல்ல. உதட்டின் உட்புறம் போன்றது. அதில் கிருமிநாசினியும் வெந்நீரும் பட்டால் மேல்படலம் வறண்டு உரியும், உரிந்த இடம் அரிக்கும், அரிப்பைத் தொற்று என்று நினைத்து மறுபடி கழுவத் தோன்றும். இப்போது உங்களுக்கு இருக்கும் அரிப்பில் ஒரு பங்கு பூஞ்சையால், ஒரு பங்கு கழுவியதால். 'அமிலத் தன்மையைக் காக்கும்' என்று விற்கும் பெண்களுக்கான வாஷ் வகைகளும் இதற்கு உதவாது. ஈஸ்ட் தொற்றில் யோனியின் அமில அளவு கெடுவதே இல்லை; வழக்கமான நாலரைக்குக் குறைந்த பி.எச். அளவிலேயே அது செழிப்பாக வளரும்.

லேடி டாக்டரிடம் போவது பற்றி

இரண்டாம் முறை, மூன்றாம் முறை வந்தவர்கள் அடையாளம் தெரிந்து தாங்களே மருந்து வாங்குவதாவது புரிகிறது. முதல் முறை வந்தவர் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2002-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், தனக்கு ஈஸ்ட் தொற்றுதான் என்று தானே முடிவு செய்து கடையில் மருந்து வாங்க வந்த 95 பெண்களைப் பரிசோதித்தார்கள். உண்மையில் ஈஸ்ட் தொற்று மட்டும் இருந்தவர்கள் மூன்றில் ஒருவர்தான். மற்றவர்களில் பலருக்கு வேறு தொற்று, சிலருக்குத் தொற்றே இல்லை. சாம்பல் நிறத்தில் தண்ணீராக, மீன் வாடையோடு வந்தால் அது பாக்டீரியாக்களின் சமநிலை கெட்டது. மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தால் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

போனதும் 'கல்யாணம் ஆயிடுச்சா?' என்று கேட்பார்கள். நம் ஊர் மருத்துவமனைகளில் இந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் உண்மையான கேள்வி, 'உடலுறவு உண்டா, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா?' என்பதே. நேராகக் கேட்கக் கூச்சப்பட்டுச் சுற்றிக் கேட்கிறோம். இது எங்கள் துறையின் பழைய தவறு. இதனால் சொல்ல வேண்டிய உண்மையைச் சொல்லாமல் திரும்பும் பெண்கள் ஏராளம். டாக்டருக்கு அந்தத் தகவல் தேவைப்படுவது மருந்தைத் தேர்ந்தெடுக்க. கர்ப்பமாக இருந்தால் வாய்வழி மாத்திரை கொடுக்கக் கூடாது. நீங்கள் 'இல்லை, உறவு கொண்டதில்லை' என்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இதை வாசிக்கும் வேறு பெண்ணுக்குப் பதில் வேறாக இருந்தால், அதையும் அதே ஒரு வரியில் சொல்லலாம். உங்களுக்கு 18 வயது தாண்டிவிட்டது. உங்கள் சிகிச்சைக்கு உங்கள் சம்மதம் போதும். கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்ல உரிமை உண்டு. நீங்கள் சொல்வதை உங்கள் அனுமதியின்றி வீட்டாரிடம் சொல்ல டாக்டருக்கு உரிமை இல்லை.

பரிசோதனை எளிமையானது. வெளிப்பகுதியைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் காது குடைகிற பஞ்சுக் குச்சி அளவுள்ள ஒன்றால் யோனியின் வாயிலிலிருந்தே கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விடுவார்கள். அது மற்ற செல்களைக் கரைத்துவிடும். பூஞ்சை இருந்தால் நூல் நூலாக, இடையிடையே மொட்டு விட்டது போல நுண்ணோக்கியில் தெரியும். உறவு கொள்ளாத பெண்ணுக்கு உள்ளே கருவி வைத்துப் பார்க்க இந்தத் தொற்றில் அவசியம் இல்லை. வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம்.

அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் ஒரு ரத்தப் பரிசோதனையும் கேட்டு வாங்குங்கள். வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 126 அல்லது அதற்கு மேல் வந்தால் சர்க்கரை நோயாக இருக்கலாம், மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். உங்கள் விஷயத்தில் ஆன்டிபயாடிக்கே போதுமான காரணம் என்றாலும், இளம் வயதில் சர்க்கரை தன்னைக் காட்டிக்கொள்ளும் முதல் வழிகளில் இந்த அரிப்பும் ஒன்று.

தனியார் மருத்துவமனைக்குப் போகச் சங்கடமாக இருந்தால் அரசு மருத்துவமனையின் மகளிர் புறநோயாளர் பிரிவுக்குப் போகலாம். அங்கே சில சமயம் பச்சை நிறப் பொட்டலம் ஒன்று கொடுப்பார்கள். அதில் பாக்டீரியாவுக்கும் ஒட்டுண்ணிக்குமான செக்னிடசோல் 2 கிராமும், பூஞ்சைக்கான ஃப்ளுகோனசோல் 150 மி.கி.யும் இருக்கும். வெள்ளைப்படுதலோடு வரும் எல்லாருக்கும் பரிசோதனை செய்ய வசதியில்லாத இடங்களில், பொதுவான தொற்றுகளை ஒரே வீச்சில் பிடிக்கும்படி அரசு வகுத்த முறை அது. பொட்டலம் கைக்கு வந்ததும் பால்வினை நோய் என்று முத்திரை குத்திவிட்டதாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.

மருந்து: எது, எவ்வளவு, எத்தனை நாள்

இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தருபவை.

ஒன்று, ஃப்ளுகோனசோல் 150 மி.கி. மாத்திரை, வாய்வழியாக, ஒரே ஒரு தடவை. சாப்பாட்டுக்கு முன்போ பின்போ எடுக்கலாம். 'ஒரு மாத்திரையில் என்ன ஆகும்' என்று சந்தேகப்பட்டு அட்டை முழுக்கத் தினமும் சாப்பிட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 30 மணி நேரம் ஆகும். ஒரு தடவை சாப்பிட்டது மூன்று நாளாவது நின்று வேலை செய்யும். உங்களுக்குத் தோல் வெடித்து வீங்கியிருப்பதால், 72 மணி நேரம் கழித்து இரண்டாவதாக ஒரு 150 மி.கி. எடுக்கும்படி டாக்டர் சொல்லக்கூடும். கடுமையான தொற்றுக்கு அதுதான் முறை. சிலருக்குத் தலைவலி, குமட்டல், லேசான வயிற்றுவலி வரும், தானே போய்விடும்.

மற்ற மாத்திரைகள் சாப்பிடுகிறீர்களா என்பதை மறக்காமல் சொல்லுங்கள். குறிப்பாக, வாயு, நெஞ்செரிச்சல் என்று நம் வீடுகளில் கேட்பாரின்றி விழுங்கும் டாம்பெரிடோன் கலந்த மாத்திரையை ஃப்ளுகோனசோலோடு சேர்க்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு பாதிக்கப்படலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், வலிப்புக்கு ஃபெனிடாயின், சர்க்கரைக்குக் கிளிமெபிரைடு சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

இரண்டாவது வழி, க்ளோட்ரிமசோல் மாத்திரையை யோனிக்குள் வைப்பது. 100 மி.கி. என்றால் ஆறு அல்லது ஏழு இரவுகள், 200 மி.கி. என்றால் மூன்று இரவுகள், 500 மி.கி. என்றால் ஒரே இரவு. கர்ப்பிணிகளுக்கு இதுதான் வழி, அவர்களுக்கு ஏழு நாள் முறையே சரி.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். கன்னித்திரை என்பது மூடிய கதவு போன்ற ஒன்றல்ல. அதில் திறப்பு இருப்பதால்தான் மாதவிலக்கு வெளியே வருகிறது. விரல் நுனி அகலமுள்ள மாத்திரை அதன் வழியாகப் போவதால் யாருடைய கன்னித்தன்மையும் போவதில்லை. கன்னித்தன்மை என்பதை மருத்துவப் பரிசோதனையால் கண்டறியவும் முடியாது. ஆனாலும், இதுவரை உள்ளே எதுவும் வைத்துப் பழக்கமில்லாத நீங்கள், புண்ணான நிலையில், பயத்தோடு இதைச் செய்து பார்க்க வேண்டியதில்லை. வாய்வழி மாத்திரையும், வெளியே தடவ க்ளோட்ரிமசோல் 1% கிரீமும் உங்களுக்கு ஏற்றவை. காலையிலும் இரவிலும், கழுவித் துடைத்த பிறகு, பட்டாணி அளவு எடுத்து மெல்லிசாகப் பூசினால் போதும். ஏழு நாள். வாங்கும்போது டியூபில் க்ளோட்ரிமசோல் என்ற ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். 'வித்' என்று இன்னொரு பெயர் தொடர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முதல் ஒன்றிரண்டு தடவை லேசாகக் காந்தும். தாங்க முடியாதபடி எரிந்தால் கழுவிவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

உள்ளே வைக்கும் முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்காக: படுக்கப் போகும் நேரம்தான் சரி. கையைக் கழுவி, மாத்திரையைச் சுத்தமான தண்ணீரில் ஒரு நொடி நனைத்து, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, விரல் வசதியாகப் போகும் தூரம் உள்ளே தள்ளிவிட்டு எழாமல் தூங்கிவிட வேண்டும். வைத்துவிட்டு நடமாடினால் பாதி கரைந்தும் கரையாமலும் விழுந்துவிடும். மறுநாள் காலை சுண்ணாம்புக் குழம்பு மாதிரி வெள்ளையாகக் கொஞ்சம் வரும். அது மருந்தின் மிச்சம். அதைப் பார்த்து 'வெள்ளைப்படுதல் கூடிவிட்டது' என்று மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறவர்கள் பலர். இடையில் மாதவிலக்கு வந்தால் நாப்கின் வைத்துக்கொண்டு தொடரலாம், டாம்பானும் கப்பும் அந்த நாட்களில் வேண்டாம். இந்த மருந்துகள் ஆணுறையின் ரப்பரைப் பலவீனப்படுத்தக்கூடும் என்பதையும் திருமணமானவர்கள் நினைவில் வைக்க வேண்டும். கணவருக்கு அரிப்போ சிவப்போ இல்லாவிட்டால் அவருக்கு மருந்து தேவையில்லை.

அரிப்பு இரண்டு மூன்று நாளில் பாதியாகும். வெடிப்பு ஆற ஒரு வாரம் பிடிக்கும். ஏழு நாளாகியும் குறையவில்லை என்றால் இன்னொரு அட்டை வாங்காதீர்கள். ஃப்ளுகோனசோலுக்குக் கட்டுப்படாத கேண்டிடா வகைகள் உண்டு. அப்போது மாதிரி எடுத்து வளர்த்துப் பார்த்துத்தான் மருந்தை மாற்ற வேண்டும். அவ்வகைக்கு 600 மி.கி. போரிக் அமிலக் குளிகையை யோனியில் வைக்க டாக்டர்கள் எழுதித் தருவதுண்டு. இதை எங்கோ படித்துவிட்டு, கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடரை யாரும் முயன்று பார்க்க வேண்டாம். வாயில் போனால் விஷம், கர்ப்பிணிக்கு ஆகவே ஆகாது.

விடுதியில் இருந்தபடி

ஒரு நாளைக்கு ஒரு முறை, வியர்த்தால் இரண்டு முறை, வெறும் தண்ணீரில் வெளிப்புறம் மட்டும் கழுவினால் போதும். சோப்பு, உப்பு, மஞ்சள் எதுவும் கலக்காதீர்கள். உள்ளே விரல் விட்டோ தண்ணீர் பீய்ச்சியோ கழுவக் கூடாது. கழுவியபின் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

சிறுநீர் எரிச்சலுக்கு எளிய வழி ஒன்று உண்டு. கழிக்கும்போதே ஒரு குவளைத் தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். வெடித்த தோலில் சிறுநீர் நேராகப் படாமல் நீர்த்துப்போகும். அப்படிச் செய்ததும் எரிச்சல் தெரியவில்லை என்றால் எரிவது வெளித்தோல். அப்படியும் உள்ளுக்குள் எரிந்து, கால்மணிக்கு ஒரு தரம் போக வேண்டும் போல இருந்தால் சிறுநீர்ப்பாதைத் தொற்றாக இருக்கலாம், டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

இரவில் அரிப்பு உயிரை எடுக்கும்போது சொறியாமல், குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த கைக்குட்டையைப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

உள்ளாடை விஷயம் சின்னதாகத் தோன்றும், சின்னதல்ல. விடுதிகளில் கொடியில் உள்ளாடையை யாரும் பார்க்கக் கூடாதென்று துப்பட்டாவுக்கு அடியிலோ, சுடிதார் மடிப்புக்குள்ளோ, குளியலறைக் கம்பியிலோ காயப் போடுகிறீர்கள். அது காய்வதில்லை, ஈரம் மட்டும் வடிகிறது. காலையில் அரை ஈரத்தோடு எடுத்து உடுத்தி, மேலே லெக்கிங்ஸோ ஜீன்ஸோ போட்டு ஒன்பது மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தால் தோல் ஊறிப்போகும். மொட்டை மாடியில் வெயிலில் நேராகப் போடுங்கள். பருத்தியில் எண்ணிக்கையைக் கூட்டி வாங்குங்கள், ஈரமானால் மாற்றலாம். தினமும் பேன்ட்டி லைனர் வேண்டாம். இரவில் உள்ளாடை இல்லாமல் தளர்வான நைட்டியோடு படுப்பது இந்த இரண்டு வாரத்துக்கு மிகவும் உதவும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

காய்ச்சல், அடிவயிற்று வலி, துர்நாற்றம், கொப்புளம் அல்லது புண், மாதவிலக்கல்லாத ரத்தம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே காட்டுங்கள். இவை ஈஸ்ட் தொற்றின் அறிகுறிகள் அல்ல.

குணமான பிறகு இரண்டு மாதத்துக்குள் திரும்ப வந்தாலும், ஒரு வருடத்தில் மூன்று முறை வந்தாலும் கடை மருந்தோடு நிற்காதீர்கள். அடிக்கடி வருவதற்கு வேறு முறை இருக்கிறது: முதல், நான்காம், ஏழாம் நாட்களில் ஃப்ளுகோனசோல், பிறகு ஆறு மாதம் வாரம் ஒன்று. டாக்டர் மேற்பார்வையில் மட்டும். அடுத்த முறை யாராவது ஆன்டிபயாடிக் எழுதினால் 'போன முறை எனக்கு ஈஸ்ட் தொற்று வந்தது' என்று சொல்லுங்கள். உண்மையில் தேவையான ஆன்டிபயாடிக்கைப் பயந்து மறுக்க வேண்டாம். சளிக்கும் சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் நீங்களாக வாங்கிச் சாப்பிடுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

அம்மாவும் மாப்பிள்ளை வீடும்

மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல எந்தக் கடமையும் உங்களுக்கு இல்லை. போன மாதம் வந்த தொண்டை வலியை நிச்சயத்தில் யாரும் அறிவிப்பதில்லை. நிச்சயதார்த்தத்துக்கு நெடுநாள் முன்பே இது சரியாகியிருக்கும்.

அம்மாவிடம் சொல்வது உங்கள் விருப்பம். உங்கள் கடிதத்தில் 'அம்மாவுக்கும் சின்ன வயதில் இப்படி இருந்ததாகப் பாட்டி சொல்வார்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் நினைப்பதைவிட அவருக்கு இது பழக்கமான விஷயமாக இருக்கலாம். சொல்வதானால் 'பல்லுக்குச் சாப்பிட்ட மாத்திரையால் பூஞ்சை வந்திருக்கும்மா, டாக்டரைப் பார்க்கப் போறேன்' என்று காரணத்தையும் செய்யப் போவதையும் சேர்த்தே சொல்லுங்கள். வீட்டில் கேள்வி குறையும்.

நாளையோ மறுநாளோ போய்விடுங்கள். சீட்டு போடும் இடத்தில் என்ன பிரச்சினை என்று கேட்டால், 'லேடி டாக்டரிடம் நேரில் சொல்கிறேன்' என்ற பதில் போதும். கையில் அந்த டியூபும், பல் டாக்டர் எழுதிய சீட்டும், கடைசி மாதவிலக்குத் தேதியும் இருக்கட்டும். ரத்தப் பரிசோதனையை அன்றே முடித்துக்கொள்ள விரும்பினால் காலையில் சாப்பிடாமல் போங்கள்.